முதலில் நிற்கட்டும்

அப்பா வாங்கிய 1978 பிரீமியர் பத்மினி, அவர் போன பிறகு ஒன்பது வருடம் ஷெட்டிலேயே கிடந்தது. அதை மறுபடி எழுப்பலாம் என்று இறங்கியதும், வந்து பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இன்ஜின் ஸ்டார்ட் ஆகுதா?" பிரேக் பிடிக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பேட்டரி வாங்குவதற்கு முன்பே பிரேக்கில் கை வைத்தேன்.

பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் பிறக்கும் அழுத்தம், பிரேக் ஆயில் வழியே ஒவ்வொரு வீல் சிலிண்டருக்கும் போய், ஷூக்களை விரித்து டிரம்மோடு அழுத்தும். அந்த அழுத்தத்தைக் கசியவிடாமல் காப்பது காசளவு ரப்பர் கப்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் சுற்றுதான். எங்கோ ஒரு கப் விட்டுக்கொடுத்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். இன்றைய கார்களில் சுற்று இரண்டு. ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும்.

ஓடாத வண்டி தேயாது என்று நம்புகிறோம். பிரேக் ஓடாமலே கெடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரம் கேட்பது 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால், பெடல் தடையில்லாமல் உள்ளே போகும். அதே ஈரம் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கும். பின் இடது டிரம்மைக் கழற்றியபோது அதைக் கண்ணால் பார்த்தேன். எமரி பேப்பரால் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. குழி விழுந்த சிலிண்டரில் புதுக் கப்பும் ஆயிலைத் தாங்காது. எல்லாச் சக்கரத்து சிலிண்டர்களையும், ரப்பர் ஹோஸ்களையும் புதிதாகவே போட்டேன்.

வீட்டில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் சிலவற்றை மறக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு கொடுங்கள், தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கத்தைத் தொடாதீர்கள். எந்த ஸ்பிரிங் எங்கே என்று அது காட்டிக்கொடுக்கும். ரப்பர் கப்பில் பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் படக் கூடாது. ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். அதைப் பூட்டும்போது புது பிரேக் ஆயிலில் நனைத்தால் போதும்.

கடைசியில் ஏர் எடுக்கும் வேலை, அதாவது பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்திலிருந்து தொடங்கினேன். மகள் பெடலை மிதிக்க உட்கார்ந்தாள். "மிதிம்மா... அப்படியே பிடி... இப்ப விடு." சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. நிப்பிளிலிருந்து குழாய் விட்டிருந்த கண்ணாடி பாட்டிலில் குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பா வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வற்றினால் மறுபடி காற்று புகும். நான்காவது சக்கரம் முடிந்ததும் அவளே சொன்னாள்: "அப்பா, இப்ப கல்லு மாதிரி இருக்கு." பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். இறங்கவில்லை. இறங்கியிருந்தால் எங்கோ கசிவு என்று அர்த்தம்.

அதன் பிறகும் ரோட்டுக்குப் போகவில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கச் சொன்னேன். காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, இழுக்காமல் நேராக நிற்கிறதா என்று பார்த்தோம்.

உங்கள் வீட்டு ஷெட்டிலும் அப்பாவின் வண்டியோ தாத்தாவின் வண்டியோ இருக்கலாம். பெயின்டும் சீட்டும் காத்திருக்கும். அது நிற்கும் என்று உறுதியான பிறகு சாவியைத் திருப்புங்கள்.