பார்த்தாகிவிட்டது!

குளித்தாகிவிட்டது, சாப்பிட்டாகிவிட்டது, வீட்டு வரி கட்டியாகிவிட்டது என்றெல்லாம் நாம் சொல்கிறோம். தலையிலிருந்து ஒரு சுமை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதில் தவறில்லை. ஆனால் லண்டனுக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “பிரிட்டிஷ் மியூசியமா? பார்த்தாகிவிட்டது!” என்பார்கள். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று கேட்டால், “ஒன்றரை மணி நேரம் இருக்கும். அன்றைக்கே பிக் பென், டவர் பிரிட்ஜ் எல்லாம் முடிக்க வேண்டியிருந்ததே!” என்று பதில் வரும். இந்த ‘முடிப்பது’ என்ற சொல்லைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்காக ஒரு பெருநகரத்துக்குப் போகிறவர்கள், அங்குள்ள மியூசியத்தை முழுவதும் பார்ப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். ஓர் அறையைப் பார்த்தால் போதும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் போகாமலே இருப்பது மேல். பக்கத்திலேயே ரஸ்ஸல் ஸ்கொயர் பூங்கா இருக்கிறது. அங்கே உட்கார்ந்து காற்று வாங்கலாம். அதில் பொய் ஏதும் இல்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள பொருள்கள் ஏறத்தாழ 80 லட்சம். அவற்றில் காட்சிக்கு வைத்திருப்பது சுமார் 80,000. அதாவது நூற்றில் ஒன்று. அந்த ஒன்றையாவது பார்ப்போம் என்று ஒரு பொருளுக்கு ஒரே ஒரு விநாடி ஒதுக்கினாலும் 22 மணி நேரம் ஆகும். மியூசியம் சாதாரண நாள்களில் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குச் சாத்தப்படுகிறது. ஆக, உட்காராமல், சாப்பிடாமல், கண்ணைக் கசக்காமல் மூன்று நாள் நின்றாலும் பாக்கி இருக்கும். இதைத்தான் நம்மவர்கள் ஒன்றரை மணியில் ‘முடித்து’விட்டு வருகிறார்கள்!

உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக மனம் இல்லாதபோது, ‘தலையைக் காட்டிவிட்டு வருகிறேன்’ என்போம். மொய் எழுதி, போட்டோவுக்கு நின்றுவிட்டால் கடமை தீர்ந்தது. மியூசியத்திலும் நடப்பது இதுதான். அங்குள்ள பொருள்களை நாம் பார்ப்பதில்லை; அவற்றுக்கு நம் தலையைக் காட்டிவிட்டு வருகிறோம். போட்டோ மட்டும் தவறுவதில்லை.

ரோஸெட்டாக் கல்லின் முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரே செய்தியை மூன்று எழுத்துகளில் பொறித்த கல் அது. அதை வைத்துத்தான் எகிப்தின் பழைய சித்திர எழுத்தை ஷம்போலியோன் 1822இல் படித்துக் காட்டினார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நாலைந்து வரிசை ஜனம். எல்லாருடைய கையும் தலைக்கு மேலே, கையில் செல்போன். கல்லைப் பார்க்கிற கண் ஒன்றுகூட இல்லை. அதே கட்டடத்தில் முதல் எண் அறையில் இந்தக் கல்லின் பிரதி ஒன்று நிற்கிறது. தொட்டுப் பார்க்கலாம், விரலால் எழுத்தைத் தடவலாம். ஷம்போலியோன் ஆராய்ந்ததும் பிரதிகளை வைத்துக்கொண்டுதான். ஆனால் ‘பிரதிதானே’ என்று அந்தப் பக்கம் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. நமக்கு வேண்டியது எழுத்தல்ல. ‘அசல் முன்னால் நின்றேன்’ என்ற பெருமை.

பெரியவர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்வது அவர்கள் பாடு. குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் பொறுக்கவில்லை. அங்கே 40ஆம் எண் அறையில் பழைய சதுரங்கக் காய்கள் இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் கடற்பசுவைப் போன்ற வால்ரஸ் என்ற பிராணியின் தந்தத்தில் செதுக்கியவை; 1831இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்தவை. அவற்றில் ராணிகள் எல்லாரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நின்றிருந்தபோது, பத்து வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, “ஏம்ப்பா, இந்த ராணி கன்னத்துல கை வெச்சுண்டிருக்கா? பாட்டி அப்படி வெக்கக் கூடாதும்பாளே?” என்று கேட்டாள். எத்தனை நல்ல கேள்வி! எண்ணூறு வருஷத்துக்கு முன் வடகடல் ஓரத்தில் எவனோ செதுக்கிய ஒரு பொம்மை, நம் வீட்டுப் பாட்டியோடு பேசத் தொடங்கிவிட்டது. தகப்பனார் என்ன சொன்னார் தெரியுமா? “நேரமாச்சு, வா. இன்னும் மம்மி பார்க்கணும்.” அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. அன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குள் உண்மையாகப் பார்த்த ஒரு ஜீவனை நாமே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம்.

இந்த ஓட்டத்தில் நஷ்டப்படுவது அழகு மட்டுமல்ல, நியாயமும் நஷ்டப்படுகிறது. அந்த மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆந்திராவில், கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த மகா ஸ்தூபத்தின் கற்கள் அவை. பளிங்கு என்பார்கள், உண்மையில் சுண்ணாம்புக் கல். வால்டர் எலியட் என்ற அதிகாரி 1845இல் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். இங்கே பல வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859இல் கப்பலேறின. லண்டனிலும் இடம் மாறி இடம் மாறிக் கிடந்து, 1880இல்தான் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. அதே ஸ்தூபத்தின் வேறு பல சிற்பங்கள் சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. லண்டனில் உள்ளவற்றில் ஒரு பலகைக் கல்லுக்கு இரண்டு முகம். கி.மு. முதல் நூற்றாண்டில் செதுக்கிய பக்கத்தில் போதிமரமும் காலியான ஆசனமும் உண்டு. புத்தர் உருவம் இல்லை. சில நூற்றாண்டு கழித்து அதே கல்லைத் திருப்பி மறுபக்கத்தில் ஸ்தூபத்தையே செதுக்கினார்கள். அதன் வாசலில் புத்தர் நிற்கிறார். உருவமில்லாமல் வணங்கிய ஜனம் உருவத்தோடு வணங்கத் தொடங்கிய கதை முழுவதும் ஒரே கல்லில் இருக்கிறது. ஓடுகிறவனுக்கு அது ஒரு கல், அவ்வளவுதான்.

‘எங்கள் சொத்தையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுபோய்விட்டான்’ என்று ஊர் திரும்பியதும் மேஜையைத் தட்டுகிறோம். நியாயமான கோபம். ஆனால் எந்தச் சொத்து, எப்போது, யார் கொண்டுபோனார், மீதி எங்கே இருக்கிறது என்று கேட்டால் வாய் அடைத்துப் போகிறது. கோபப்படுவதற்கும் நின்று பார்த்திருக்க வேண்டும், ஐயா!

இந்த அவசரம் ஒரு காலத்தில் மேலிடத்திலிருந்து வந்தது. 1784இல் வில்லியம் ஹட்டன் என்ற பர்மிங்ஹாம் புத்தக வியாபாரி, அனுமதிச் சீட்டுக்காகக் காசு கொடுத்து ஆசையோடு அதே மியூசியத்துக்குப் போனார். அப்போது சிப்பந்தி ஒருவர் கூட்டமாக அழைத்துக்கொண்டு போய் அறை அறையாக விரட்டுவது வழக்கம். அரை மணியில் வெளியே வந்துவிட்ட ஹட்டன் மனம் நொந்து அதை எழுதி வைத்தார். இன்று அனுமதி இலவசம். விரட்டுகிற சிப்பந்தியும் இல்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 65 லட்சம் பேர் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தங்களுக்குத் தாங்களே விரட்டுகிற சிப்பந்திகளாக இருந்திருப்பார்கள்!

“உமக்கென்ன, சொல்லிவிட்டீர்! லட்சக்கணக்கில் செலவழித்துப் போகிறோம். மறுபடி எப்போது போவது? எல்லாவற்றையும் ஒரு தரமாவது பார்க்க வேண்டாமா?” என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சீட்டுக் கட்டியும் கடன் வாங்கியும் ஒரே ஒரு தடவை போகிறவரின் பதைபதைப்பைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் ஒரே ஒரு தடவைதான் என்றால், அந்த ஒரு தடவை கையோடு வர வேண்டாமா? நூறு அறைகளில் ஓடிவிட்டு வந்தவர்களிடம் ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள். கால் வலித்தது மட்டும் ஞாபகம் இருக்கும். இரண்டு மணி நேரம் ஓர் அறையில் இருந்தவரிடம் கேளுங்கள். சாகிற வரைக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும். எது லாபம்? செட்டுக் கணக்கே என் பக்கம்தான் பேசுகிறது.

செய்ய வேண்டியது சிரமமானதல்ல. புறப்படுமுன் வீட்டிலே உட்கார்ந்து ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பற்றிப் பத்துப் பக்கம் படியுங்கள். அமராவதி என்றால் முதலில் எழும்பூருக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அங்கே போனதும் குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். வயதானவர்களைப் பெஞ்சியில் உட்கார வையுங்கள். போட்டோவைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். அனுமதிதான் இலவசமாயிற்றே, களைத்தால் வெளியே வந்து, முடிந்தால் மறுநாள் போங்கள்.

சென்னையில் முன்பெல்லாம் சாதாரண ஜனங்கள் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும், மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சொல்வார்கள். படிக்காதவர்கள் வைத்த பெயர் என்று நாம் சிரித்திருக்கிறோம். சிரிக்க ஒன்றுமில்லை. உள்ளே இருப்பவை செத்தவையானாலும் அந்த இடம் காலேஜ்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காலேஜுக்குள் ஒன்றரை மணி நேரம் சுற்றிவிட்டு, ‘படித்தாகிவிட்டது’ என்று எவனும் சொல்வதில்லை.