பந்து நடத்தும் பாடம்

அனிமேஷன் கற்க வருபவர்களுக்கு முதலில் கொடுக்கப்படும் பயிற்சி, துள்ளும் பந்தை வரைவது. 'இவ்வளவுதானா!' என்று உற்சாகமாக வரைவார்கள். ஓடவிட்டுப் பார்த்தால் பந்து துள்ளாது. யாரோ நூல் கட்டி மேலும் கீழும் இழுப்பதுபோல நகரும்.

கோளாறு எங்கே? மேலிருந்து தரைவரை ஒரே சீரான இடைவெளியில் பந்தை வரைந்திருப்பார்கள். நிஜப் பந்து அப்படி விழுவதில்லை. கண்ணுக்குப் பிடிபடாத இந்த விஷயம் செல்போனில் சிக்கிவிடும்.

மொட்டை மாடிச் சுவரும் நல்ல வெளிச்சமும் போதும். சுவரில் 10 செ.மீ.க்கு ஒரு சாக்பீஸ் கோடு போட வேண்டும். போனைக் கையில் பிடிக்காமல் நேர் எதிரே அசையாமல் நிறுத்தி, ஸ்லோ மோஷனில் எடுக்க வேண்டும். விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் போன் என்றால், பத்துப் படத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டால் சினிமாவின் 24 படக் கணக்கு வந்துவிடும்.

அந்தக் கணக்கில், 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து தரையைத் தொட ஏறக்குறைய 11 படங்கள் ஆகும். முதல் பாதி நேரத்தில் அது இறங்குவது 25 செ.மீ.தான். மீதி 75 செ.மீ.யும் அடுத்த பாதியில்! அதனால் உச்சியில் படங்கள் நெருக்கமாகவும் தரைக்கு அருகே விலகியும் இருக்கும். பந்தின் கனத்தைக் காட்டுவது இந்த இடைவெளிதான்.

பந்துக்குப் பந்து துள்ளலும் மாறும். வழக்கமான டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. கிரிக்கெட் பந்து அவ்வளவு எழும்பாது.

அப்படியானால் வீடியோவை அப்படியே வரைந்துவிடலாமா? அதுவும் சரிவராது. 1937-ல் வெளியான 'ஸ்னோ ஒயிட்' படத்துக்காக டிஸ்னி ஸ்டூடியோவில் நடிகர்களை நடிக்கவைத்துப் படம்பிடித்தார்கள். அதை அச்சுப்பிசகாமல் வரைந்தபோது உயிரில்லாமல் இருந்ததாம். அந்தப் படத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் தங்கள் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதனால்தான் பந்து தரையில் மோதும்போது கொஞ்சம் கூடுதலாக நசுக்கி வரைகிறார்கள். வேகமாக விழும்போது நீட்டுகிறார்கள். நசுங்கும்போது அகலம் கூட வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப்போன பலூன்போலத் தெரியும்.

நேரக் கணக்கை வீடியோவிடம் கற்க வேண்டும்; மிகையைக் கை சேர்க்க வேண்டும். இது பழகிவிட்டால், திண்ணையிலிருந்து குதிக்கும் குழந்தையை வரையும்போதும் அதே கணக்கு கைகொடுக்கும்.