ஊக்கத்தொகை அல்ல, உரிமைத்தொகை

காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆனால் அதை ஆறு மாதம் விடாமல் சாப்பிட உடம்பில் தெம்பு வேண்டும். தெம்புக்குச் சோறு வேண்டும். சோற்றுக்குக் கூலி வேண்டும். நோய் முதலில் பறிப்பது அந்தக் கூலியைத்தான்.

ஒன்றிய அரசு 2018 ஏப்ரலில் நிக்‌ஷய் போஷண் திட்டத்தைத் தொடங்கியது. சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் போடப்படும் என்றது. 2024 நவம்பரில் அது 1000 ரூபாய் ஆனது. அதாவது நாளொன்றுக்கு 33 ரூபாய்.

இந்தப் பணத்துக்கு அரசு வைத்திருக்கும் பெயர் ‘ஊக்கத்தொகை’. ஏழைக்கு மருந்து சாப்பிட மனமில்லை, காசைக் காட்டினால் சாப்பிடுவான் என்கிற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘அவங்க பழக்கவழக்கமே அப்படித்தான்’ என்று சேரியைப் பார்த்துக் காலங்காலமாகப் பேசப்படும் சாதிப் பேச்சுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அரசு ஊழியர் நோயுற்றால் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு கிடைக்கிறது. அதை யாரும் ஊக்கத்தொகை என்பதில்லை, உரிமை என்கிறோம். சரியாகவே சொல்கிறோம். அதே அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மட்டும் அது எப்படிச் சன்மானம் ஆனது?

ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ‘ரேஷன்ஸ்’ ஆய்வு நடந்தது. காசநோயாளிகளின் குடும்பத்தினரில் ஒரு பிரிவினருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மற்ற குடும்பங்களோடு ஒப்பிட்டபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே யாருடைய மனதையும் யாரும் திருத்தவில்லை. தட்டில் சோறு போட்டார்கள், அவ்வளவுதான்.

நிபந்தனை இல்லாவிட்டால் ஒழுங்காக மருந்து சாப்பிடுவார்களா என்று கேட்கலாம். பிழைப்பு தேடி ஊர் மாறியதால் மருந்தை விட்டவரின் பணத்தையும் நிறுத்தினால், அவர் திரும்பிவரும் வழியும் அடைபடும். அவருக்குத்தான் அந்தப் பணம் கூடுதலாகத் தேவை.

2023இல் மகளிருக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கிய தமிழ்நாடு அரசு, அதற்கு ‘உரிமைத்தொகை’ என்று பெயர் வைத்தது. அந்தச் சொல்லைக் காசநோயாளிக்கும் கேட்போம். இழந்த கூலிக்கு ஈடு, வீட்டிலுள்ள எல்லோருக்கும் உணவு, வங்கிக் கணக்கு இல்லாதவருக்குக் கையில் பணம். நோயாளியின் ஒழுக்கத்தை அளப்பதை விட்டுவிட்டு, அவர் வீட்டு அரிசிப் பானையை அளக்கட்டும் அரசு.