எப்பெயரால் அழைக்கப்பட்டாலும்

சொகுசு எஸ்யூவிகளுள் அன்றாடப் பயணத்துக்கு ஏற்றது எது என்னும் வினா, வசதி பெருகிய வீடுகளில் இப்போது திருமணப் பேச்சுக்கு நிகரான தீவிரத்தோடு நடத்தப்படுகிறது. பிஎம்டபிள்யூ எக்ஸ்3-ஆ, மெர்சிடீஸ் ஜிஎல்சி-யா, ஆடி க்யூ5-ஆ, வால்வோ எக்ஸ்சி60-ஆ? சந்தாபுராவிலிருந்து சர்ஜாபூர் வரை ஆனேக்கல் வட்டத்தில் எழுந்துள்ள மதில்சூழ் குடியிருப்புகளில் இந்த விவாதம் மாதக்கணக்கில் நீள்கிறது. அதில் எல்லாம் பேசப்படுகின்றன. வினாவிலேயே நிற்கும் 'அன்றாடம்' என்ற ஒரு சொல் மட்டும் பேசப்படுவதில்லை.

பேசப்படுவன எவை? நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆகும் வினாடிகள். இவ்வண்டிகள் எஞ்சினுக்கேற்ப 6 முதல் 8 வினாடிக்குள் அதை எட்டுகின்றன. 190 முதல் 260 வரையிலான குதிரைத்திறன். நான்கு சக்கரங்களுக்கும் விசை. இனி மறுபக்கம்: டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி பெங்களூரில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 வினாடி ஆகிறது. மணிக்குப் பதினேழரை கிலோமீட்டர். சற்று முனைந்து மிதிக்கும் சைக்கிள்காரர் இந்த வேகத்தை எட்டிவிடுவார். எட்டு வினாடியில் நூறைத் தொடும் வண்டிக்கும் ஆறு வினாடியில் தொடும் வண்டிக்கும் சந்தாபுரா சந்திப்பில் உள்ள வேறுபாடு என்ன என்று எவரேனும் விளக்கினால், அந்த விளக்கத்துக்கே ஒரு முனைவர் பட்டம் தரலாம்.

இன்னொரு வேடிக்கை. இந்த நான்கு வண்டிகளின் அகலம் ஏறத்தாழ 1.89 மீட்டரிலிருந்து 1.92 மீட்டர் வரை. இத்தனை வாதத்துக்கும் இடையே உள்ள தூரம் மூன்று சென்டிமீட்டர். பக்கக் கண்ணாடிகளை விரித்தால் நான்குமே இரண்டு மீட்டரைத் தாண்டும். ஆட்டோவின் அகலம் 1.3 மீட்டர். ஆனேக்கல் கடைத்தெருவில் எதிரெதிரே இரண்டு ஆட்டோக்கள் ஒதுங்கிக் கடந்துவிடும். இவற்றுள் இரண்டு சந்தித்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். அன்றாடம் என்பது இதுதான். ஆனால் எது பின்வாங்க எளிது, எதன் திரும்பு வட்டம் சிறிது, எதில் உட்கார்ந்தால் முன்முனை கண்ணுக்குத் தெரிகிறது என்று எந்த ஒப்பீட்டிலும் முதல் வரியில் கேட்கப்படுவதில்லை.

இந்தக் குழப்பத்தில் சொல்லுக்கும் பங்குண்டு. எஸ்யூவி என்ற சுருக்கத்தின் நடு எழுத்து குறிப்பது பயன்பாட்டை. பிஎம்டபிள்யூவோ தன் எக்ஸ் வரிசையைப் 'பயன்பாடு' என்று சொல்லவே கூசி, 1999இல் வந்த எக்ஸ்5 முதல் 'செயல்பாட்டு வாகனம்' என்று அழைத்து வருகிறது. பெயரின் மாயத்தை வாங்குவோர் கண்டுகொள்ளவில்லை, வரித்துறை கண்டுகொண்டது. 2022 டிசம்பரில் ஜிஎஸ்டி மன்றம் தந்த விளக்கத்தில், கூடுதல் தீர்வைக்கு உரிய வண்டி மக்களிடையே எஸ்யூவி என அறியப்பட வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. 2023 ஜூலையில் அந்த நிபந்தனை அகன்றது. 'எப்பெயரால் அழைக்கப்பட்டாலும்' 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் எஞ்சின், சுமையில்லா நிலையில் 170 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தரை இடைவெளி இருந்தால் தீர்வை உண்டு என்றாயிற்று. பெயரைத் தள்ளி அளவைப் பார் என்னும் இந்த ஒரு வரி, பொருண்மையியல் வகுப்பில் பாடமாக வைக்கத் தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி 50 விழுக்காட்டிலிருந்து 40 ஆகக் குறைந்ததும் விவாதம் மேலும் சூடேறியதே ஒழிய, அளவைப் பார்க்கும் பழக்கம் வரவில்லை.

உயரம் வேண்டும், சாலை மோசம் என்பது இவர்கள் சொல்லும் வலுவான காரணம். அதில் உண்மை உண்டு. எழுதிவைக்கப்படாத வேகத்தடைகளும் மழைக்குப் பின் வாய்பிளக்கும் பள்ளங்களும் நிறைந்த ஜிகனி சாலையில் தாழ்ந்த செடான் அடிவயிற்றை உரசிக்கொண்டுதான் போகும். ஆனால் அந்த உயரத்துக்கும் எல்லை உண்டு. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் சர்ஜாபூர் சாலையை ஒட்டிய செல்வர் குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தபோது விலையுயர்ந்த கார்கள் நிறுத்துமிடத்திலேயே மூழ்கிக் கிடந்தன. மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். அன்று அந்தச் சாலையில் பயன்பாட்டு வாகனம் என்ற பெயருக்கு முழுத் தகுதி பெற்றிருந்தது டிராக்டர் ஒன்றே.

உயரப் போட்டி இவ்வட்டாரத்துக்குப் புதிதுமன்று. ஹுஸ்கூர் மத்தூரம்மன் திருவிழாவுக்குச் சுற்றுப்புற ஊர்கள் நூறடிக்கும் மேற்பட்ட தேர்களைக் கட்டி இழுத்து வருகின்றன. 2025 மார்ச்சில் அவை சாய்ந்து உயிர்கள் பறிபோயின. இழந்தவர்கள் கீழே நின்றவர்கள். சாலையிலும் அதே கணக்குத்தான். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலத்துக்குள் தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார் மோதுவதைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம். பொம்மசந்திராவிலும் ஜிகனியிலும் பணிமுறை மாறும் வேளையில் நடைபாதையற்ற சாலையோரத்தில் இருட்டில் நடந்து போகிறவர்கள் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். எந்த வண்டியின் உள்ளே எத்தனை காற்றுப்பை என்று எண்ணும் குடும்பம், வெளியே நடப்பவரை எந்த வண்டி பொறுத்துக்கொள்ளும் என்று எண்ணுவதில்லை. இந்த ஒப்பீட்டு முறையின் மிகப்பெரிய குறை இதுவே. மற்றவை கைப்பணத்தைத்தான் கரைக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது? முதலில், ஒரு படி இறங்க வேண்டும். அதே நிறுவனங்களின் எக்ஸ்1, ஜிஎல்ஏ, க்யூ3 ஆகியவை ஏறத்தாழ நான்கரை மீட்டரில் அடங்குகின்றன. பள்ளத்தைத் தாண்டப் போதிய உயரமும் அவற்றில் உண்டு. பெரிய வகைதான் வேண்டுமென்றால், அழகுக்காகப் பெரிதாக்கப்பட்ட சக்கரத்தை மறுத்து அவ்வகையில் கிடைக்கும் மிகச் சிறிய சக்கரத்தைக் கேட்க வேண்டும். பக்கச்சுவர் மெலிந்த டயர் பள்ளத்தில் முதலில் கிழியும். தடித்தது அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். நாள்தோறும் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் ஊர்ந்து செல்வோர் டீசலைத் தவிர்ப்பது நலம். பிஎஸ்6 டீசல் வண்டியின் புகைக்கரி வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள இடைவிடாத ஓட்டமும் வெப்பமும் தேவை. சேலத்துக்கோ சென்னைக்கோ வாரந்தோறும் போகிறவருக்கு அது வாய்க்கும். சந்தாபுராவோடு திரும்புகிறவருக்கு எச்சரிக்கை விளக்குத்தான் எரியும். ஓட்டுநர் வைத்திருப்பவர் ஓட்டும் இன்பத்தைப் பற்றிய பத்திகளைப் படிப்பதை விட்டுப் பின்னிருக்கையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

சொந்தப் பணத்தில் வாங்குவதை எவர் கேட்பது என்ற பதில் வரும். பணம் சொந்தமானது, சாலை அப்படியன்று. 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது, ஆனேக்கல் ஊருக்குள் வருவதில்லை. ஆகவே கார் தேவைப்படும் வீடுகள் இங்கே உண்டு என்பதும் மெய். கார் வேண்டும் என்பதிலிருந்து 1.9 மீட்டர் அகல வண்டி வேண்டும் என்ற முடிவுக்குத் தாவும் இடத்தில்தான் தர்க்கம் கழன்றுவிடுகிறது.

விற்பனையாளர் சோதனை ஓட்டத்துக்கு வழவழப்பான சாலையையே காட்டுவார். 2010இல் திறக்கப்பட்ட எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஞாயிறு காலை ஓட்டினால் நான்கு வண்டிகளும் அரியணைகளே. வாங்க நினைப்பவர் அதை மறுத்து, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குச் சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் பேருந்து நிலையம் வரை போய், அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு வரட்டும்.