காற்று எச்சரிக்கையும் அரை நாள் சம்பளமும்

மலையில் மழையும் காற்றும் மிஞ்சினால் கொழும்பிலிருந்து வரும் ரயில் ரம்புக்கனையோடு நின்றுவிடும். இதற்கு மேல்தான் கடுகண்ணாவ ஏற்றம் தொடங்குகிறது. மண் சரிந்திருக்கிறதா, பாறை உருண்டிருக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பாதை சரி என்று யாராவது பொறுப்பேற்றுச் சொன்ன பிறகுதான் ரயில் மேலே ஏறும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலைநாட்டுப் பாதையைச் சிதைத்த பிறகும் கொழும்பு ரயில்கள் இங்கேதான் நின்று திரும்பின.

அதே நிலையத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ரயிலை நிறுத்திய அதே காற்றில்தான் அந்த வண்டிகளும் வீடு திரும்ப வேண்டும். அவற்றை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. போவதா, நிற்பதா என்பதை ஓட்டுகிறவர் தானே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். உண்மையில் அந்தத் தீர்மானம் அவர் கையில் இருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாத மாலை. தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி தொடங்கியிருந்தது. ரயிலை விட்டிறங்கி, தோள் வழியாகப் போட்டுக்கொள்ளும் பெரிய மழை அங்கியை மாட்டிக்கொண்டு 100 சிசி வண்டியில் வீட்டுக்குப் புறப்பட்டேன். இறப்பர் மரங்களுக்கு நடுவே போகும்வரை காற்று தெரியவில்லை. மேலே இலைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. இறப்பர் முடிந்து வயல்வெளி திறக்கும் இடத்தில் வலப்புறமிருந்து காற்று அடித்தது. வண்டியை வலப்பக்கம் சாய்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு பஸ் வந்தது. பஸ் காற்றை மறைத்த அந்த நொடியில், சாய்ந்திருந்த வண்டி பஸ்ஸை நோக்கியே இழுத்தது. பதறி இடப்பக்கம் திருப்பினேன். பஸ் கடந்ததும் காற்று மறுபடி மோதியது. அங்கி பாய்மரம் போல் உப்பியது. கானுக்குள் கிடந்தேன். தோள்பட்டை எலும்பில் வெடிப்பு, ஆறு வாரம் வீட்டில்.

நான் வேகமாக ஓடவில்லை. குடித்திருக்கவில்லை. தலைக்கவசமும் அணிந்திருந்தேன். ஆனால் காற்றைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை. சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தபோது வீதிச் சமிக்ஞைகளைக் கற்றேன். எட்டு வடிவில் வண்டியைச் சுற்றிக் காட்டினேன். காற்று என்ற சொல்லை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இலங்கையில் பதிவாகியுள்ள வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். கேகாலை மாவட்டத் தோட்டப்பகுதிகளில் அதன் பொருள் இன்னும் கனமானது. இறப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையென்றால் வருமானமும் இல்லை. அதனால் லயன் வீட்டு இளைஞர்கள் பலர் தோட்டத்தில் பெயர் போடுவதை விட்டுவிட்டு கேகாலை, மாவனெல்லை, ரம்புக்கனை கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்துக்குள் பஸ் வராது. முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தால் சம்பளத்தில் மிஞ்சுவது குறைவு. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் வழி. 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை 2025இல்தான் தளர்ந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. தேய்ந்த டயரோடு ஓடும் வண்டிகளும் பெருகின.

இந்த ஊரின் பெயர் உலகச் செய்திகளில் வந்ததும் வண்டிக்கான பெற்றோல் விவகாரத்தில்தான். 2022 ஏப்ரல் 19 அன்று, எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் விலையேற்றத்துக்கும் எதிராக ரம்புக்கனையில் வீதியையும் ரயில் பாதையையும் மறித்தவர்கள்மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். பெற்றோல் இல்லையென்றால் வண்டி இல்லை, வண்டி இல்லையென்றால் வேலை இல்லை என்ற கணக்கு அந்தக் கூட்டத்தில் நின்ற பலருக்கும் தெரியும்.

அதே கணக்கு காற்றடிக்கும் நாளிலும் வேலை செய்கிறது. எங்கள் பக்கத்து லயனில் ஒரு தம்பி இருக்கிறான்; நகரத்தில் ஒரு கடையில் வேலை. போன மழையில் மரக்கிளைகள் முறிந்து விழுந்த ஒரு காலை, ஹெல்மட்டோடு வாசலில் நின்றான். “கொஞ்சம் பொறுத்துப் போயேன்டா தம்பி” என்றேன். “லேட்டானா மொதலாளி அரை நாள வெட்டிருவாரு அண்ணே. காத்துன்னு சொன்னா நம்புவாரா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு எச்சரிக்கை தெரியாமல் இல்லை. அதற்குக் கீழ்ப்படிய வசதி இல்லை.

நம் எச்சரிக்கைகளின் குறை இங்கேதான் இருக்கிறது. மணித்தியாலத்துக்கு 50 அல்லது 60 கிலோமீற்றர் வேகத்தில் பலத்த காற்று வீசக்கூடும், அவதானமாக இருங்கள் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிறது. சமவெளிக்கும் மலைக்கும், காரில் போகிறவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் அதே வாசகம். 60 என்றால் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு என்ன பொருள் என்று சொல்வதில்லை. அந்த அறிவிப்பும் நமக்கு எப்போதும் நம் மொழியில் வந்து சேர்வதில்லை. திட்வா நேரத்தில் எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த ஓர் அனர்த்தத்தில் அதைச் சின்னக் குறையாகக் கடந்துவிட முடியாது.

60 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகிறது. 30இல் வீசும் காற்றைச் சமாளித்தவர் 60இல் வீசும் காற்றையும் “கொஞ்சம் கூடுதல்” என்று எண்ணினால் ஏமாந்துபோவார். 60 கிலோமீற்றர் வேகக் காற்று பக்கவாட்டில் அடித்தால், வண்டியும் ஆளும் சேர்ந்த பரப்பில் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ எடை சாய்த்துத் தள்ளுவதுபோல் இருக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. சீராகத் தள்ளினால் சமாளிக்கலாம். ஆனால் மலைப்பகுதிக் காற்று விட்டுவிட்டு அடிக்கிறது. மேடும் மரமும் மறைத்து, வளைவு திரும்பியதும் திடீரென்று திறந்துவிடுகிறது. நம்மை விழுத்துவது பெரும்பாலும் அந்தத் திடீர் மாற்றம்தான்.

காற்றின் வேகத்தை அறியக் கருவி தேவையில்லை. போபோர்ட் அளவை என்று மாலுமிகள் காலத்திலிருந்து வரும் ஒரு முறை உண்டு. பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிப்பது சிரமமானால் காற்று 40 முதல் 50 கிலோமீற்றர். முழு மரமும் அசைந்து, காற்றுக்கு எதிரே நடப்பது கடினமானால் 50 முதல் 60. சிறு கிளைகள் முறிந்து விழத் தொடங்கினால் 60ஐத் தாண்டிவிட்டது. வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். என் அனுபவத்தில், குடை பிடிக்க முடியாதபோது வேகத்தைப் பாதியாக்க வேண்டும். கிளை முறியும்போது வண்டியை எடுக்கவே கூடாது.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால் சில விடயங்கள் உயிரைக் காக்கும். திறந்த வெளிக்கு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள். 60இல் ஓடும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீற்றர் போய்விடும். 30இல் எட்டு மீற்றர்தான். காற்று தள்ளியதை உணர்ந்து திருத்திக்கொள்ள அந்த வித்தியாசம் போதும். காற்றுக்குள் மாட்டிய பிறகு முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கைகளை விறைப்பாக வைத்தால் உடலின் ஒவ்வோர் ஆட்டமும் ஹேண்டிலுக்குப் போகும். முழங்கைகளைத் தளர்த்தி, முழங்கால்களால் பெற்றோல் தாங்கியை இறுக்கிப் பிடியுங்கள். காற்று வரும் பக்கத்து ஹேண்டிலை மெதுவாக முன்னோக்கித் தள்ளினால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து காற்றைத் தாங்கும்.

காற்று இடப்புறமிருந்து வந்தால் உங்களை எதிர்வரும் வாகனத்தை நோக்கித் தள்ளும்; ஆகவே உங்கள் வழியின் இடப்பாதியில் போங்கள். வலப்புறமிருந்து வந்தால் கானை நோக்கித் தள்ளும். ஓரத்தை ஒட்டாமல் சற்று உள்ளே வாருங்கள். எதிரே பஸ்ஸோ லொறியோ வந்தால், அது காற்றை மறைத்து மறுபடி திறக்கும் என்பதை முன்கூட்டியே எதிர்பாருங்கள். பாலங்கள், வயல்வெளிகள், மலையின் வெட்டுவாய்கள் மூன்றும் காற்று காத்திருக்கும் இடங்கள்.

உடம்பில் படபடக்கும் எதுவும் பாய்மரமாகும். தோளில் போடும் அங்கியைவிட, காற்சட்டையும் மேற்சட்டையுமாகத் தைத்த மழை உடை நல்லது. தகரம், பலகை, பெரிய பெட்டி எதையும் அன்று கட்டி ஏற்றாதீர்கள். பின்னால் பிள்ளையை ஏற்றிப் பாடசாலைக்குப் போகிறவர்கள் அன்று பத்து நிமிடம் நடந்தாலும் தவறில்லை.

இத்தனையும் கற்றுக்கொண்டாலும் தடுக்க முடியாத ஆபத்து ஒன்று மேலே நிற்கிறது. 2023 அக்டோபர் 6 அன்று கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்மீது மரம் சரிந்து ஐந்து பேர் உயிரிழந்தார்கள். இரும்புக் கூரையுள்ள பஸ்ஸிலேயே அப்படி என்றால், தலைக்கவசம் மட்டும் கூரையாக உள்ளவர் நிலை என்ன? இறப்பர் மரம் காற்றுக்கு எளிதில் முறியும் இனம். மழையில் ஊறிய மண்ணில் வேரும் பிடிகொடுக்காது. வீதியோரம் சாய்ந்து நிற்கும் மரத்தை யார் வெட்டுவது? பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, அடுத்த நிலை வீதி மாகாணத்துக்கு, சின்ன வீதி பிரதேச சபைக்கு, தோட்ட வீதி கம்பனிக்கு. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் வேலை செய்யச் சட்டத்தில் இருந்த தடை 2018இல் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. ஆனாலும் தோட்ட வீதியில் மரம் விழுந்தால் அதை வெட்டி அகற்றக் கத்தியோடு ஓடுவது இன்றும் லயன் ஆட்கள்தான்.

பாம்பன் நினைவுக்கு வருகிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோனது. பின்னர் பழைய பாம்பன் பாலத்தில் காற்றுமானி ஒன்று இருந்தது. காற்று 58 கிலோமீற்றரைத் தாண்டினால் சமிக்ஞை சிவப்பாகும், ரயில் நிற்கும். அதற்காக எந்த ஓட்டுநரின் சம்பளமும் அரை நாளாக வெட்டப்படுவதில்லை. ரயிலை நிறுத்த ஓர் எண் இருந்தது, அந்த எண்ணுக்குப் பின்னால் பொறுப்பேற்க ஒரு நிர்வாகம் இருந்தது.

மோட்டார் சைக்கிளுக்கும் அப்படி ஓர் எண் வேண்டும். மாவட்டத்துக்குப் பலத்த காற்று எச்சரிக்கை வந்த நாளில் தாமதமாக வருகிறவரின் சம்பளத்தை வெட்டக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். வீதியில் பாதி ஆபத்து குறைந்துவிடும். அந்த எச்சரிக்கை காலை ஐந்து மணிக்கு முன் தமிழிலும் தொலைபேசிக்கு வர வேண்டும். மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படிநிலை வைத்திருப்பதுபோல, எந்த நிலையில் இருசக்கர வண்டியை எடுக்கக்கூடாது என்பது அதில் இருக்க வேண்டும். பருவப்பெயர்ச்சிக்கு முன், ஏப்ரலிலேயே வீதியோர மரங்களைப் பார்வையிடும் வேலையைப் பிரதேச செயலகம் ஒருங்கிணைக்கலாம். புதிய நிறுவனம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

அதுவரை மூன்று இலக்கங்களைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்: மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117; மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்சார சபை 1987; ஆள் விழுந்தால் சுவசெரிய அம்புலன்ஸ் 1990.

என் தோள் இப்போதும் மழைக்கு முன் வலிக்கும். அந்தத் தம்பி நேற்றும் ஆறரை மணிக்கு வண்டியை எடுத்தான். வாசலில் நின்று இருவரும் மரங்களைப் பார்த்தோம்; கிளை முறியவில்லை. “போய்ட்டு வாரேன் அண்ணே” என்றான். கிளை முறியும் நாளிலும் அவன் இதையேதான் சொல்வான்.