ஊரார் மனத்தை ஊகித்து ஓட்டுப் போடுவதா?

2028 அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் மீண்டும் போட்டியிட முடியாது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படுவதை அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 22-வது திருத்தம் தடுக்கிறது. எனவே இரு பெரிய கட்சிகளிலும் களம் திறந்து கிடக்கிறது. களமிறங்கக் கூடியவர்களின் பெயர்கள் அடிபடத் தொடங்கியதுமே பழைய கேள்வியும் கூடவே கிளம்பிவிட்டது: ஆள் திறமையானவர்தான், ஆனால் ஜெயிப்பாரா? ஜனநாயகக் கட்சியில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். ஹிலாரி கிளின்டனும் கமலா ஹாரிஸும் டிரம்ப்பிடம் தோற்ற பிறகு, இன்னொரு பெண்ணை நிறுத்தும் விஷப்பரீட்சை இப்போதைக்கு வேண்டாம் என்ற பேச்சு அக்கட்சிக்குள்ளேயே எழுந்திருக்கிறது. திருப்பூர்ப் பின்னலாடைக்கான இறக்குமதி வரி முதல் நம் இளைஞர்களின் வேலை விசா வரை வெள்ளை மாளிகையில் தீர்மானமாகிறபோது, அங்கே அமரப்போகிறவரை எந்த அளவுகோலால் தேர்வு செய்கிறார்கள் என்பதில் நமக்கும் அக்கறை உண்டு. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் வாக்காளர் தன் வாக்கை 'வெற்றிவாய்ப்பு' என்ற ஊகத்திடம் ஒப்படைக்கக் கூடாது. நாட்டை நன்றாக ஆள்வார் என்று தான் நம்புகிறவருக்கே அதை அளிக்க வேண்டும். இதுவே நம் நிலைப்பாடு.

பிரைமரி முறை எதற்காக வலுப்பெற்றது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த நிலைப்பாட்டின் நியாயம் புரியும். யார் ஜெயிப்பார் என்று கணக்குப் போடும் வேலை ஒரு காலத்தில் கட்சித் தலைவர்களுடையதாக இருந்தது. 1920-ல் குடியரசுக் கட்சி மாநாடு முடிவெடுக்க முடியாமல் திணறியபோது, சிகாகோவின் பிளாக்ஸ்டோன் ஹோட்டல் அறையொன்றில் புகை மூட்டத்துக்கு நடுவே பெரிய தலைகள் கூடிப் பேசி வாரன் ஹார்டிங் பெயரை முன்னுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுவது இன்றும் அமெரிக்க அரசியலில் அழியாத வழக்காக இருக்கிறது. 1968-ல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். வியட்நாம் போரை எதிர்த்துப் பிரைமரிகளில் வாக்களித்தவர்கள் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தார்கள்; கட்சி மாநாடு நடந்த சிகாகோவின் வீதிகளில் ரத்தம் சிந்தியது. அதற்குப் பிறகே மெக்கவர்ன்–பிரேசர் ஆணையம் விதிகளை மாற்றி, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைச் சாதாரண வாக்காளர் கையில் கொடுத்தது. அப்படிப் போராடிப் பெற்ற வாக்கை, "எனக்கு இவரைப் பிடிக்கும், ஆனால் பென்சில்வேனியாக்காரர்களுக்குப் பிடிக்காதே" என்று யோசித்து மாற்றிப் போடுகிறவர், கைவிட்டுப் போன அந்தப் பழைய தரகர் வேலையைத் தானே வலிய ஏற்றுக்கொள்கிறார். அந்தத் தலைவர்களிடமாவது வட்டாரம் வட்டாரமாக விசாரித்த தகவல் இருந்தது. இவரிடம் இருப்பதெல்லாம் தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டதுதான்.

தரகர்களின் கணக்கும் பிசகியிருக்கிறது. 1960-ல் ஜான் கென்னடிக்கு எதிராக எழுந்த பெரிய வாதம் அவருடைய கத்தோலிக்க மதம். 1928-ல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித்தை நிறுத்தி ஜனநாயகக் கட்சி படுதோல்வி அடைந்திருந்தது. தெற்கு மாநிலங்கள் சிலவும் கைவிட்டுப் போயின. அந்த வடு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆறவில்லை. இதில் உறுத்தும் விவரம், கென்னடி ஜெயிக்க மாட்டார் என்று தயங்கியவர்களில் கத்தோலிக்கத் தலைவர்களும் இருந்தார்கள் என்பதுதான். பென்சில்வேனியா ஆளுநர் டேவிட் லாரன்ஸ் அவர்களில் ஒருவர். தம் மதத்தவர் மீது மற்றவர்களுக்கு இருக்கும் வெறுப்பை அஞ்சி, தம் மதத்தவரையே ஒதுக்கிவைக்க அவர்கள் தயாராக இருந்தார்கள். விஸ்கான்சினில் கென்னடி வென்றபோதும், அது கத்தோலிக்கர் மிகுந்த பகுதிகளின் வாக்கு என்று தள்ளிவிட்டார்கள். பிறகு வந்தது மேற்கு வர்ஜீனியா. நிலக்கரிச் சுரங்கங்களும் வறுமையும் நிறைந்த மாநிலம். நூற்றுக்கு ஐந்து பேர்கூடக் கத்தோலிக்கர் இருப்பார்களா என்பது சந்தேகம். அங்கே கென்னடி ஊர் ஊராகப் போனார், மதம் பற்றிய கேள்வியைத் தவிர்க்காமல் நேருக்கு நேர் பதில் சொன்னார். மே 10 அன்று வாக்குகளை எண்ணியபோது, எதிர்த்துப் போட்டியிட்ட ஹம்ஃப்ரியைவிட 20 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் முன்னிலை பெற்றார். ஹம்ஃப்ரி அத்துடன் போட்டியிலிருந்தே விலகினார். புராட்டஸ்டன்ட் மக்கள் கத்தோலிக்கருக்கு வாக்களிக்க மாட்டார்கள் என்பது அனைவருக்கும் தெரிந்த உண்மையாக இருந்தது. அந்த மக்களிடமே கேட்டபோது அது உண்மையாக இல்லை. நவம்பரில் மதம் அவருக்குச் சில இடங்களில் வாக்குகளைக் குறைத்தது, சில இடங்களில் கூட்டியது. நூலிழையில்தான் வென்றார். ஆனாலும் வென்றார்.

2008-ல் இதே பாடம் இன்னும் அழுத்தமாக நடந்தேறியது. 2007 இறுதிவரை கறுப்பின வாக்காளர்களிலேயே பெரும் பகுதியினர் பராக் ஒபாமாவின் பக்கம் வரவில்லை. அவரை விரும்பாததால் அல்ல. வெள்ளையர் ஒரு கறுப்பருக்கு ஒருபோதும் வாக்களிக்க மாட்டார்கள் என்று வாழ்நாள் அனுபவம் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. பலர் ஹிலாரியை ஆதரித்தார்கள். ஜனவரி 3 அன்று, மக்கள்தொகையில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் வெள்ளையர் வாழ்ந்த அயோவாவின் காக்கஸ் கூட்டங்களில் ஒபாமா முதலிடம் பெற்றார். ஹிலாரி மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். மூன்றே வாரங்களில், ஜனவரி 26 அன்று, தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு ஒபாமாவுக்கு வாக்களித்தார்கள். இடைப்பட்ட நாட்களில் ஒபாமாவின் கொள்கையும் மாறவில்லை, பேச்சும் மாறவில்லை. மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்ற ஊகம் மட்டுமே மாறியது. அயோவாவின் வாக்காளர்களும் அதே ஊகத்துக்குப் பணிந்திருந்தால், ஒபாமா வெல்லவே முடியாதவர் என்ற தீர்ப்பு ஒருபோதும் சோதிக்கப்படாமலே வரலாறாகியிருக்கும். பொதுத் தேர்தலில் அவர் 1964-க்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சிக்காரரும் வெல்லாத இண்டியானாவையும் வர்ஜீனியாவையும் வென்று, 365 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். அந்த ஆண்டு பொருளாதாரம் சரிந்து கிடந்ததால் அக்கட்சியில் யார் நின்றாலும் ஜெயித்திருப்பார்கள் என்று வாதிடலாம். அப்படியென்றால், நவம்பரின் முடிவை நாட்டு நிலைமையே பெரிதும் தீர்மானிக்கிறது. அதை முந்தைய ஜனவரியில் ஆளைப் பார்த்துக் கணிப்பதற்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

கணித்தவர்களின் பட்டியல் பெரியது, கீர்த்தி சிறியது. அளவுக்கு மீறிய பழமைவாதி நாடு தழுவிய தேர்தலில் வெல்ல முடியாது என்று 1980-ல் ரொனால்ட் ரீகனைப் பற்றி எச்சரித்தவர் அவர் கட்சியின் முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட். ரீகன் 44 மாநிலங்களை வென்றார். 1988 ஜூலையில் கருத்துக்கணிப்பில் 17 புள்ளிகள் முன்னிலையில் இருந்த மைக்கேல் டுகாகிஸ், நவம்பரில் 40 மாநிலங்களை இழந்தார். 2004-ல் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பலர் ஈராக் போரை உரக்க எதிர்த்த ஹோவர்ட் டீனை மனதார விரும்பினார்கள். ஆனால் அதிபர் புஷ்ஷை வீழ்த்த ஏற்ற ஆள் என்று ஜான் கெரியைத் தேர்ந்தெடுத்தார்கள். வியட்நாமில் பதக்கம் பெற்ற போர்வீரரைத் தேசபக்தி குறைந்தவர் என்று யார் சொல்ல முடியும் என்பது கணக்கு. சொன்னார்கள். அவருடன் அதே போரில் பணியாற்றிய முன்னாள் படைவீரர்கள் என்ற பெயரில் ஒரு குழு அந்தப் பதக்கங்களையே சந்தேகத்துக்குள்ளாக்கி விளம்பரம் செய்தது. கேடயம் என்று நம்பியதே காயமாயிற்று. 2016-ல் குடியரசுக் கட்சியில் பெரும் பண பலத்தோடு வந்த ஜெப் புஷ் முதல் மூன்று மாநிலங்களோடு நடையைக் கட்ட, பெரும்பாலோரால் வெல்லத்தக்கவராகக் கருதப்படாத டிரம்ப் அதிபரானார். டீனோ ஜெப் புஷ்ஷோ நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. நடந்தவற்றைப் பார்த்து ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: இந்தக் கணிப்பில் தேர்ந்தவர்களே அடிக்கடி தவறியிருக்கிறார்கள்.

தவறிப்போவது மட்டுமே சிக்கல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த ஊகம் ஒருசாராரை மட்டுமே தண்டிக்கிறது. 2019 ஜூனில் அவலாஞ்ச் என்ற ஆய்வு நிறுவனம் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடம் இரண்டு விதமாகக் கேட்டது. யாருக்கு வாக்களிப்பீர்கள் என்றபோது ஜோ பைடன் தெளிவாக முந்தினார். மந்திரக்கோலை வீசி நீங்கள் விரும்புபவரை உடனே அதிபராக்கலாம் என்றால் யார் என்றபோது, எலிசபெத் வாரன் அவரைச் சற்றே தாண்டினார். வாரனை விரும்பியும் விட்டுவிட்டவர்கள் பெண்ணை வெறுப்பவர்கள் அல்லர். வேறெங்கோ இருக்கும் வாக்காளர் வெறுப்பார் என்று அஞ்சியவர்கள். வெறுப்பே இல்லாத ஒருவரை, வெறுப்பவரின் சார்பில் வாக்களிக்க வைக்கிறது இந்த அச்சம். பிறகு அது தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கொள்கிறது: ஜெயிக்க மாட்டார் என்று நன்கொடையாளர் பின்வாங்குவார், பணமின்றிப் பிரசாரம் சுருங்கும், ஆதரவு சரியும், பார்த்தீர்களா நாங்கள் சொன்னோமே என்பார்கள். ஹிலாரி 2016-ல் டிரம்ப்பைவிட ஏறத்தாழ 28.7 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றார். மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகளே அதிபரைத் தீர்மானிப்பதால், மூன்று மாநிலங்களில் மொத்தமாக எண்பதாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் பதவியை இழந்தார். 2024-ல் கமலா ஹாரிஸ் ஏழரைக் கோடி வாக்குகள் பெற்று, நாடளவில் ஒன்றரைச் சதவீதப் புள்ளிகளில் தோற்றார். ஆண் வேட்பாளர்களில் மாண்டேல் 49 மாநிலங்களில் தோற்றபோதும், டுகாகிஸ், கெரி, ராம்னி தோற்றபோதும், இனி ஆண்களை நிறுத்த வேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை. அவர்களுடைய தோல்வி அவர்களோடு நின்றது. பெண்ணின் தோல்வி மட்டும் பெண்கள் எல்லோர் கணக்கிலும் எழுதப்படுகிறது. இது அநீதி.

நம் வாதத்துக்கு வலுவான மறுப்பு உண்டு. 1964-ல் பேரி கோல்ட்வாட்டரை நிறுத்திய குடியரசுக் கட்சி ஆறு மாநிலங்களையே வென்றது. 1972-ல் ஜார்ஜ் மெக்கவர்னை நிறுத்திய ஜனநாயகக் கட்சி மாசசூசெட்ஸையும் தலைநகரையும் தவிர அனைத்தையும் இழந்தது. அரசியல் அறிஞர் ஆண்ட்ரூ ஹால் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் மிதவாதிக்குப் பதிலாகத் தீவிரக் கருத்துடையவர் பிரைமரியில் நூலிழையில் வென்றால், பொதுத் தேர்தலில் கட்சியின் வாக்கு சராசரியாக ஒன்பது முதல் பதின்மூன்று புள்ளிகள் வரை சரிவதைக் காட்டியது. 2010-ல் டெலவேரில் மைக் காசில் என்ற பழுத்த அரசியல்வாதியைப் பிரைமரியில் தோற்கடித்த கிறிஸ்டின் ஓ'டானல், கைக்கெட்டிய செனட் இடத்தைப் பறிகொடுத்தார். இவை புறக்கணிக்கத்தக்க சான்றுகள் அல்ல. ஆனால் இவை அளப்பது வேட்பாளர் என்ன சொல்கிறார், என்ன செய்வேன் என்கிறார் என்பதை. ஒரு கொள்கை மக்களிடம் எடுபடுமா, அதை விளக்கும் திறம் இவருக்கு இருக்கிறதா என்று வாக்காளர் எடைபோடுவது அவர் கடமை. அதைச் செய்யப் பேச்சும் பதிவும் கண்முன் இருக்கின்றன. இவர் கறுப்பர், இவர் பெண், இவர் தன்பாலின ஈர்ப்பாளர், எனவே நாடு ஏற்காது என்பது வேறு ரகம். அங்கே எடைபோட எதுவும் இல்லை. அடுத்தவரின் பாரபட்சம் மட்டுமே இருக்கிறது. தவிர, 1972-ல் 'ஜெயிக்கக் கூடியவர்' என்று தலைவர்கள் கைகாட்டியவர் எட்மண்ட் மஸ்கி. முதல் சில பிரைமரிகளிலேயே அவர் ஆட்டம் கண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, 2020. அயோவாவில் நான்காமிடமும் நியூ ஹாம்ஷயரில் ஐந்தாமிடமும் பெற்ற பைடனை, டிரம்ப்பை வீழ்த்த இவரே ஏற்றவர் என்று தென் கரோலினா தூக்கி நிறுத்தியது. அவர் வென்றும் காட்டினார். அந்த மாநிலத்தின் கறுப்பின வாக்காளர்கள் எச்சரிக்கையாக இருந்ததைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்ல முடியாது. தோல்வியின் விலையை முதலில் கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களுக்குப் பைடன் வெறும் கணக்கு அல்லர். ஒபாமாவின் துணை அதிபராக எட்டு ஆண்டுகள் பார்த்துப் பழகி, நம்பிய மனிதர். நம்பிக்கையும் கணிப்பும் அங்கே ஒரே பக்கம் சாய்ந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே கணிப்பு என்ன செய்தது? டிரம்ப்பை ஒருமுறை வீழ்த்தியவர் மறுபடியும் வீழ்த்துவார் என்று கட்சி போட்டியையே அடைத்தது. கட்சி விவாதங்களை நடத்தவில்லை. மாநிலக் கட்சி பைடன் பெயரை மட்டுமே அனுப்பியதால் ஃபுளோரிடாவில் ஜனநாயகக் கட்சி பிரைமரியே நடக்கவில்லை. பைடனால் முடியாது என்று எதிர்த்து நின்ற டீன் பிலிப்ஸ் என்ற எம்.பி.யைக் கட்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜூன் 27 விவாத மேடையில் நாடே பார்த்த பைடனின் தடுமாற்றத்தை, ஜனவரியில் நியூ ஹாம்ஷயரில் கட்சி நடத்தியிருக்க வேண்டிய விவாதம் காட்டியிருக்கும். ஜூலை 21 அன்று பைடன் விலகினார். எந்தப் பிரைமரியிலும் அந்த ஆண்டு சோதிக்கப்படாத ஹாரிஸுக்கு மிஞ்சியது மூன்றரை மாதம்.

2028-க்கான பிரைமரி அட்டவணையை எப்படி வகுத்தாலும், தொடக்கத்திலேயே வெவ்வேறு இனத்தவரும் வருவாய்ப் பிரிவினரும் வாழும் மாநிலங்கள் இடம்பெற வேண்டும். விவாத மேடை ஏறும் நிபந்தனை நன்கொடைத் தொகையைச் சார்ந்ததாக இருக்கக் கூடாது. மாநிலக் கட்சிகள் பிரைமரியை ரத்து செய்ய இடமளிக்கவே கூடாது. தேர்தலுக்கு ஓராண்டு முன்பு எடுக்கும் 'இவருக்கு எதிராக அவர்' என்ற கருத்துக்கணிப்பை ஊடகங்கள் முதல் பக்கத் தீர்ப்பாக்குவதை நிறுத்த வேண்டும். ஒரு பெண் வேட்பாளர் மிச்சிகனின் ஆலைத் தொழிலாளரிடமும் ஜார்ஜியாவின் புறநகர்க் குடும்பங்களிடமும் ஆதரவு பெறுவாரா என்பதை அறிய ஒரே வழி, அவர் அங்கே போய்க் கேட்பதும் அவர்கள் வாக்களித்துப் பதில் சொல்வதும்தான். அதற்கு முன்பே வேறு மாநிலத்தில் இருப்பவர் அவர்கள் சார்பில் 'இல்லை' என்று சொல்லிவிட உரிமை கிடையாது.