அணைக்கு அன்றாடம் காவல் வேண்டும்! வருஷத்துக்கு இரண்டு கையெழுத்து போதாது!



ஏர் பூட்டும்போது கயிறை இழுத்துப் பார்க்காமல் நம்மில் யாராவது பூட்டுவோமா? நேத்து நல்லா இருந்த கயிறு இன்னிக்கு நைஞ்சிருக்கும். லட்சக்கணக்கான ஏக்கருக்குத் தண்ணி தரும் அணையின் ஷட்டருக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?

2018 ஆகஸ்ட் 22 இரவு, 1836-ல் கட்டப்பட்ட முக்கொம்பு கொள்ளிடம் கதவணையின் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. 2022 செப்டம்பர் 21 அதிகாலை பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் உடைந்தது. கோவை, திருப்பூர் விவசாயிகளுக்கு வர வேண்டிய தண்ணீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்து கடலுக்குப் போனது. 2024 ஆகஸ்ட் 10 இரவு கர்நாடகத்தில் துங்கபத்ரா அணையின் 19-ஆவது ஷட்டர் செயின் அறுந்தது. நிரம்பி நின்ற அணை. சேர்த்து வைத்த தண்ணி கண்ணெதிரே ஓடிப்போச்சு.

"அணை பழசு" என்கிறார்கள். பழசா இருந்தா அடிக்கடி பார்க்கணுமா, பார்க்காம விடணுமா?

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய், கருவி பொருத்தி அளவுகளைப் பதிவு செய் என்கிறது. வரவேற்கிறோம். ஆனால் துரு, இரண்டு ஆய்வுக்கு நடுவிலும் தின்றுகொண்டேதான் இருக்கும். நேற்றைய கசிவையும் இன்றைய கசிவையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா? ஷட்டரை ஏற்றி இறக்கும்போது சத்தம் மாறினால் கேட்க ஒரு காது வேண்டாமா? அந்த ஆள்தான் லஸ்கர். ஓய்வு பெற்றுப் போனவர் இடத்துக்கு ஆள் போடாமல், ஒருத்தரையே நாலு மதகுக்கு ஓடவிட்டால் யார் பார்ப்பது?

கிரீஸுக்கும் செயினுக்கும் சம்பளத்துக்கும் காசில்லை என்பார்கள். முக்கொம்பில் உடைந்த பிறகு புதிய கதவணைக்கு 387 கோடி ரூபாய் ஒதுக்கினார்களே, அந்தக் காசு எங்கிருந்து வந்தது?

நாம் கேட்பது:

1. காலியாக உள்ள லஸ்கர் பணியிடங்களை உடனே நிரப்பு!
2. ஷட்டர், செயின், மோட்டார் இயக்கிப் பார்த்த தேதியையும் கசிவு அளவையும் எழுதி, அணையிலேயே பலகையில் வை!
3. அந்தப் பதிவேட்டைப் பாசன விவசாயிகள் பார்க்க உரிமை கொடு!
4. குறை எழுதப்பட்டால், சரிசெய்யும் கெடுவையும் பொறுப்பான அதிகாரியையும் அதிலேயே எழுது!

உடைந்த பிறகு வரும் அமைச்சர் வேண்டாம். உடையுமுன் வரும் லஸ்கர் போதும். தண்ணி போன பிறகு நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பதைவிட, தண்ணி இருக்கும்போதே காவலுக்கு நிற்போம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! அணையைக் காப்போம்!